செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480: உடம்பு 64 பிட், உள்ளே ஏறியிருப்பது எத்தனை பிட்?

லெனோவோ 2018-ல் இறக்கிய மாடல் திங்க்பேட் டி480. கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்தவற்றை இப்போது செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் டவுனில் தொடங்கி மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், மீன் கம்பெனிக் கணக்குக்கோ இ-சேவை வேலைக்கோ காலேஜ் பிள்ளைக்கோ பழைய லேப்டாப் தேடுகிறவர்களிடம் தயங்காமல் சொல்லக்கூடிய மாடல் இது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கடையில் ஏற்றிக் கொடுக்கும் விண்டோஸை நம்பி வாங்காதீர்கள். 64 பிட் மெஷினில் 32 பிட் விண்டோஸை ஏற்றியிருக்கலாம். பிட் என்பது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் எண்ணின் நீளம். வள்ளம் வாங்கப் போகிறவர் பலகையைத் தட்டிப் பார்த்ததோடு திரும்பி வருவதில்லை, பூட்டியிருக்கும் இன்ஜினையும் ஓட்டிப் பார்க்கிறார். இங்கேயும் அதே கதைதான்.

முதலில் மெஷின். 14 இன்ச் திரை, பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5, அதாவது 8250யூ அல்லது 8350யூ. நாலு கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் மூளை நாலு. இதற்கு முந்தைய டி470-ல் இரண்டு கோர்தான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். திரைச் சட்டத்தில் எழுதியிருக்கும் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சட்டம் கழற்றி மாட்டுகிற சாமான். அடிப்பக்க ஸ்டிக்கரையும், விண்டோஸுக்குள் வரும் பிராசசர் நம்பரையும் பாருங்கள். நம்பர் 8-ல் தொடங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இன்டெல் லேப்டாப்புகளுக்குக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இன்றைக்கு ஒரு பழைய லேப்டாப் நாலு காசு பெறுமா என்பதை இந்த ஒற்றை எண்ணே தீர்மானிக்கிறது. 'டி480எஸ்' என்று ஒன்று தருவார்கள். அது மெலிசு, பார்க்க அழகு, ஆனால் கழற்றும் பேட்டரி கிடையாது. ராமில் ஒரு பகுதி போர்டிலேயே ஒட்டியிருக்கும். நம் ஊருக்கு எஸ் இல்லாததே நல்லது.

காரணம் பேட்டரி. டி480-க்கு இரண்டு பேட்டரி: உள்ளே 24 வாட்-அவர், பின்னால் கழற்றக்கூடியது இன்னொன்று. வெளிப்பேட்டரி 24, 48, 72 என்று மூன்று அளவில் வரும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப்பேட்டரியை உருவி வேறொன்றைச் சொருகலாம், அந்த இடைவெளியை உள்பேட்டரி பார்த்துக்கொள்ளும். பாம்பன் பக்கம் காற்று பலமாக அடிக்கிற நாளில் கரண்ட் போனாலும் பில் போடுவது நிற்காது. பேட்டரியின் உண்மை நிலவரத்தைக் கடையிலேயே பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியில் 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி, சாய்கோடு, 'பேட்டரிரிப்போர்ட்' (இது ஒரே சொல்) என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு பக்கம் தயாராகும். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும், ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

உப்புக் காற்று பட்ட மெஷினா என்று பார்ப்பதும் இங்கே அவசியம். டார்ச் அடித்து யுஎஸ்பி ஓட்டைகளுக்குள்ளும் நெட்வொர்க் கேபிள் சொருகும் துளைக்குள்ளும் பாருங்கள். பித்தளைத் தகடுகள் மங்கலாக இருந்தால் துடைத்துக்கொள்ளலாம். பச்சை பூத்திருந்தால் அந்த மெஷின் ஏற்கெனவே கரையோரம் வாழ்ந்தது, விட்டுவிடுங்கள். கீலைத் திறந்து மூடும்போது கரகரப்பு இருக்கக் கூடாது. ஃபேன் காற்று வெளியேறும் ஜன்னலின் தகட்டில் வெள்ளைப் பொடி படிந்திருந்தாலும் அதே கதை. யுஎஸ்பி-சி ஓட்டையில் சார்ஜரைச் சொருகி ஐந்து நிமிஷமாவது விடுங்கள். இந்த மாடலில் யுஎஸ்பி-சி ஓட்டையை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரில், அதாவது சிப்புக்குள் பதிந்திருக்கும் ப்ரோகிராமில், கோளாறு ஒன்று பிரசித்தம். பழைய ஃபர்ம்வேரோடு ஓடிய மெஷின்களில் யுஎஸ்பி-சி சார்ஜிங், வெளித்திரை இரண்டும் ஒருநாள் திடீரென நின்றுபோகும். லெனோவோ இதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. முன்கூட்டியே போட்டால் பிழைத்தது. ஓட்டை செத்தபிறகு போட்டால் பல சமயம் வேலைக்கு ஆகாது, போர்டு வேலை வரும்.

மெஷின் அவ்வளவுதான். இனி உள்ளே ஏறியிருப்பது.

அந்த ஒரு வரி

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு, ஒய் தட்டுங்கள். 'அபௌட்' பக்கம் திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வழி. நடுவில் 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கும். கடையில் நடக்கும் குழப்பமெல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

ஒழுங்காக இருந்தால் வரும் வாசகம்: '64-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்டு பிராசசர்'. கோளாறாக இருந்தால்: '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்டு பிராசசர்'. நடுவில் ஒரு காற்புள்ளி இருக்கிறது பாருங்கள், அதுதான் எல்லைக்கோடு. அதற்கு முன்னால் சொல்வது விண்டோஸைப் பற்றி. பின்னால் சொல்வது சிப்பை, அதாவது பிராசசரைப் பற்றி. "அண்ணே, எக்ஸ்64-னு தெளிவா போட்ருக்கு பாருங்க, சிக்ஸ்டி ஃபோர் பிட்டுதான்" என்று கடைத்தம்பி பின்பாதியில் விரலை வைப்பார். அவர் சொல்வது பொய் இல்லை. டி480-ன் சிப் எப்போதுமே 64 பிட்தான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை முன்பாதியில் இருக்கிறது.

அதே பக்கத்தில் 'இன்ஸ்டால்டு ராம்' வரியும் சாட்சி சொல்லும். 8 ஜிபி போட்ட மெஷினில் '8.00 ஜிபி', பக்கத்தில் அடைப்புக்குள் 7.8 அல்லது 7.9 'யூஸபிள்' என்று வருவது இயல்பு. கிராஃபிக்ஸுக்காகக் கொஞ்சம் ஒதுக்கிவைத்த கணக்கு அது. 'யூஸபிள்' 3-க்கும் 4-க்கும் நடுவில் நின்றால் உள்ளே 32 பிட் விண்டோஸ் இருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம். 32 பிட்டால் எண்ணக்கூடிய ராம் முகவரிகள் 4,29,49,67,296. பைட் கணக்கில் சரியாக 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கைத் திரை, யுஎஸ்பி, நெட்வொர்க் போன்ற கருவிகளுக்கான முகவரிகள் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கு அதைத் தாண்ட வழி இருந்தாலும், சாதாரண 32 பிட் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியோடு கட்டிப்போட்டிருக்கிறது. ஆக, 16 ஜிபி என்று காசு வாங்கியிருந்தாலும் முக்கால்வாசி ராம் பெட்டிக்குள் சும்மா கிடக்கும். பெரிய கூடை வாங்கி வாயைத் தைத்துவைத்த மாதிரி.

எதற்காக இப்படிப் போடுகிறார்கள்? பல கடைகளில் ஒரே பென் டிரைவ், ஒரே இமேஜ் (அப்படியே நகலாக ஏற்றும் விண்டோஸ் கட்டு). 2 ஜிபி ராம் உள்ள கிழட்டு மெஷின் முதல் டி480 வரை எல்லாவற்றிலும் ஏறுவது 32 பிட்தான், அதனால் அதையே வைத்துக்கொள்வார்கள். ஏமாற்று என்பதைவிட சோம்பல் என்றே சொல்லத் தோன்றுகிறது. வாங்குகிறவருக்கு நஷ்டம் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மற்ற வழிகள்: எது உருப்படி, எது ஏமாற்றும்

மவுஸ் மட்டும் தெரிந்தவருக்கு மிகச் சுலபமான வழி சி டிரைவைத் திறப்பது. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் இருந்து, ஒன்றின் வாலில் அடைப்புக்குள் எக்ஸ்86 என்று இருந்தால் விண்டோஸ் 64 பிட். ஒன்று மட்டும் இருந்தால் 32. 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டரைக் காட்டி யாராவது 32 பிட் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். 64 பிட் விண்டோஸிலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது, அதற்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது 'சிஸ்வாவ்64' என்ற ஃபோல்டரில். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

'வின்வர்' அடித்துக் காட்டுவது கடைகளில் வழக்கம். அதில் பதிப்பும் பில்ட் நம்பரும் வரும். எத்தனை பிட் என்பது வரவே வராது, அதை வைத்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இருப்பதிலேயே உருப்படி 'எம்எஸ்இன்ஃபோ32'. விண்டோஸ் கீ, ஆர் சேர்த்து அழுத்தி வரும் சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் இதை அடியுங்கள். 'சிஸ்டம் டைப்' வரியில் 'எக்ஸ்64-பேஸ்டு பிசி' என்றால் விண்டோஸ் 64. 'எக்ஸ்86-பேஸ்டு பிசி' என்றால் 32. இதைவிட முக்கியமானது கொஞ்சம் கீழே 'பயாஸ் மோடு' என்ற வரி. பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் அடிப்படை ப்ரோகிராம். அங்கே புதிய முறையான 'யூஇஎஃப்ஐ' என்று இருக்க வேண்டும். பழைய முறையான 'லெகசி' என்று இருந்தால் டிஸ்கும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே விண்டோஸ் 11-க்குப் போக முடியாது. இரண்டு வரியும் ஒன்றையொன்று பிடித்துத்தான் நிற்கும். டி480-ன் யூஇஎஃப்ஐ 64 பிட் என்பதால் 32 பிட் விண்டோஸ் அதில் நேராக எழும்பாது. அதை ஏற்றியவர் பயாஸை லெகசிக்கு மாற்றித்தான் ஏற்றியிருக்க முடியும். அதனால் '32 பிட், லெகசி' என்ற ஜோடி இயல்பாகவே சேர்ந்து வரும். '64 பிட், லெகசி' என்றும் வரலாம். அதற்கு, எம்பிஆர் டிஸ்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற விண்டோஸின் சொந்தக் கருவியே போதும், டேட்டா அழியாமல் மாற்றிக்கொள்ளலாம். '32 பிட், லெகசி' என்றால் அழித்து ஏற்றுவது தவிர வேறு வழியில்லை.

கமாண்ட் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய குறிப்புகளில் 'டபிள்யூஎம்ஐசி' என்ற கமாண்டைச் சொல்லியிருப்பார்கள். புதிய விண்டோஸ் 11-ல் அதை மைக்ரோசாஃப்ட் விலக்கிவிட்டது. அடித்தால் இப்படி ஒரு கமாண்டே இல்லை என்று வரும், மெஷின் கோளாறு என்று பயப்பட வேண்டாம். 'எக்கோ' கமாண்டுடன் சதவீதக் குறிகளுக்கு நடுவே 'பிராசசர்_ஆர்க்கிடெக்சர்' என்ற மாறியைக் கேட்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அது பதில் சொல்வது தன்னைக் கேட்கும் ப்ரோகிராமின் கண்ணோட்டத்தில். 32 பிட் கமாண்ட் பிராம்ப்டிலிருந்து கேட்டால், 64 பிட் விண்டோஸிலும் 'எக்ஸ்86' என்றே சொல்லும். சாதாரணமாக ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் இந்தச் சிக்கல் வராது.

சரியாக வரும் பதிலே சிலரைக் கலங்க வைக்கும்: 'ஏஎம்டி64'. "இன்டெல்னு சொல்லித்தானே வித்தீங்க, இது ஏஎம்டி-ன்னு காட்டுதே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நாம் இன்று பயன்படுத்தும் 64 பிட் கட்டளைத் தொகுப்பை முதலில் கொண்டுவந்தது இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி, 2003-ல். இன்டெல் அதையே பிறகு எடுத்துக்கொண்டது. பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்64, எக்ஸ்86-64, ஏஎம்டி64, இன்டெல்64 நாலும் ஒன்றுதான். ஏதாவது டவுன்லோட் பக்கத்தில் 'ஐஏ64' என்று பார்த்தால் மட்டும் தொடாதீர்கள். அது இட்டானியம் என்ற இன்டெலின் வேறு குலம், டி480-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஐஏ32', 'ஐ386', 'ஐ686', 'எக்ஸ்86' எல்லாம் 32 பிட்.

32 பிட்டோடு ஓட்டினால் என்ன குறையும்

மீன் கம்பெனிக் கணக்கில் தொடங்கலாம். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி, ஈஆர்பி 9 வரைக்கும் 32 பிட்டில் ஓடியது. அதற்கு அடுத்து வந்த டேலிபிரைமுக்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். பழைய கணக்கைப் புதிய லேப்டாப்புக்கு மாற்றலாம் என்று வாங்கிவந்து, செட்டப் ஏறாமல் நிற்கும்போதுதான் பலருக்கு இந்த 'பிட்' என்ற சொல்லே அறிமுகமாகிறது.

அடுத்தது டிரைவர், அதாவது ஒவ்வொரு கருவியையும் விண்டோஸோடு பேசவைக்கும் ப்ரோகிராம். டி480-க்கு லெனோவோ தருவது 64 பிட் விண்டோஸுக்கான டிரைவர்களை. 32 பிட்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணங்கள் வரிசை கட்டி நின்றாலும் ஆச்சரியமில்லை. திரை வெளிச்சம் குறையவில்லை, தூக்கத்திலிருந்து எழவில்லை என்று வரும் புகார்களுக்கு முதலில் இங்கே பாருங்கள். மெஷின் பேரில் பழி விழும், குற்றவாளி வேறு ஆள்.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு போதும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ப்ரோகிராம் ஓடும், 32 பிட் டிரைவர் ஓடாது. 32 பிட் விண்டோஸில் 64 பிட்டில் எழுதிய எதுவுமே ஓடாது. கைரேகைக் கருவி, டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், லேபிள் பிரிண்டர், டாட் மேட்ரிக்ஸ் எல்லாமே டிரைவர் ஜாதி. இ-சேவை நடத்துகிறவர்கள் லேப்டாப்பை மாற்றுமுன் தங்கள் கைரேகைக் கருவியின் செட்டப் ஃபைல் எதற்கானது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வருவது 64 பிட் என்றால் செட்டப்பும் அதற்கானதாக வேண்டும்.

32 பிட் வேண்டும் என்று நியாயமாகக் கேட்கக்கூடிய ஆட்களும் இந்தக் கரையில் உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங்கை இன்னும் விடாத ஐஸ் கம்பெனிகளும் கருவாட்டு மண்டிகளும் அந்தக் கூட்டம். டாஸ் ப்ரோகிராம்களையும் 16 பிட் ப்ரோகிராம்களையும் 64 பிட் விண்டோஸ் தொடவே தொடாது. அதற்கு டாஸ் மாதிரியே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு ஓட்டலாம், ஆனால் பிரிண்ட் எடுப்பதில் தலைவலி வரும். அவர்களுக்கு நம் யோசனை: பழைய மெஷினைப் பில்லுக்கு மட்டும் நெட் இல்லாமல் தனியாக விட்டுவிட்டு, டி480-ஐ 64 பிட்டோடு மற்ற வேலைக்கு வையுங்கள். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது என்றால் இந்தக் கவலை இல்லை. அது 32 பிட் விண்டோஸ் ப்ரோகிராம், 64-லும் ஓடும்.

மாற்றி ஏற்றுவது

32-லிருந்து 64-க்கு அப்டேட் போட்டுத் தாவ முடியாது. துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அதை ஏற்றினாலே பிட் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

டேட்டாவை முதலில் வெளி டிஸ்குக்கு எடுங்கள். டேலி இருந்தால் லைசென்ஸை அதற்குள்ளேயே சரண்டர் செய்துவிட்டு மூடுங்கள். குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் அதைத் தயார் செய்துவிடும், பென் டிரைவில் இருப்பது அத்தனையும் அழியும். 5 ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும், மொபைல் டேட்டா தீர்ந்து பாதியில் நிற்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

மெஷினை ஆன் செய்து லெனோவோ எழுத்து வரும்போதே எஃப்1-ஐத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் திறக்கும். 'ஸ்டார்ட்டப்' பகுதியில் 'யூஇஎஃப்ஐ/லெகசி பூட்' என்பதை 'யூஇஎஃப்ஐ ஒன்லி' ஆக்குங்கள். 'செக்யூரிட்டி' பகுதியில் 'செக்யூர் பூட்' எனேபிள், 'செக்யூரிட்டி சிப்' எனேபிள். எஃப்10 அடித்துச் சேமியுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இன்னும் நீக்கப்படவில்லை. பேட்டரியைக் கழற்றிவைத்தால் போய்விடும் என்பது திங்க்பேடில் நடக்காது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதனாலேயே எஃப்1 சோதனையைக் காசு கொடுக்குமுன் செய்யச் சொல்கிறோம்.

பிறகு எஃப்12 தட்டினால் பூட் மெனு, பென் டிரைவைத் தேர்வு செய்யுங்கள். டிஸ்க் காட்டும் கட்டத்தில் 'இந்த டிஸ்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்கில்தான் ஏற்ற முடியும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை நிற்கும். இங்கேதான் பலர் பயந்து திரும்பிப் போய் லெகசிக்கே மாற்றிவிடுகிறார்கள், பிரச்சினை மறுபடி முதலிலிருந்து. செய்ய வேண்டியது, காட்டும் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்து, 'அன்அலோகேட்டட்' என்று ஒரே வரியாக ஆக்கிவிட்டு நெக்ஸ்ட் அழுத்துவது. அதுவே ஜிபிடியாகப் பிரித்துக்கொள்ளும். இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் கொள்ளளவைப் பார்த்துத் தொடுங்கள், டேட்டா இருப்பதைத் துடைத்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் பற்றிய பயம் தேவையில்லாதது. விண்டோஸ் உரிமம் 32, 64 என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பார்ப்பது ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா என்பதை. கம்பெனி மெஷின்களில் பல ப்ரோ கீயை பயாஸிலேயே வைத்துக்கொண்டு வந்தவை. அப்படி இருந்து ப்ரோவை ஏற்றினால் நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் ஏற்றியிருந்தது நேர்மையானதா என்று தெரிய 'எஸ்எல்எம்ஜிஆர்', இடைவெளி, சாய்கோடு, 'எக்ஸ்பிஆர்' அடியுங்கள். காலாவதி தேதி ஏதாவது காட்டினால் அது நிறுவனங்களுக்கான வால்யூம் முறை. வீட்டுக்கு வாங்கும் ஒற்றை லேப்டாப்பில் அது இருக்க வேலையில்லை.

மீன் கம்பெனிக்காரர்களுக்கு இதைச் செய்ய நல்ல நேரம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், பில்லும் குறைவு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்.

துபாயிலிருந்து வந்தது

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இன்னொரு வகை புழங்குகிறது. வளைகுடாவிலிருந்து காக்காவோ மச்சானோ கொண்டுவந்து கொடுத்தது. கீபோர்டில் அரபி எழுத்து, சார்ஜரில் தட்டையான மூன்று முனை பிளக். டி480 என்றால் இதனால் ஒரு குறையும் இல்லை, மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும். சமீபத்திய மாடல் என்றால் 'சிஸ்டம் டைப்' வரியை இன்னும் கூர்ந்து பாருங்கள். '64-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், ஆர்ம்-பேஸ்டு பிராசசர்' என்று இருந்தால் அதில் இருப்பது இன்டெலும் இல்லை, ஏஎம்டியும் இல்லை. போனில் இருக்கிற குலத்தைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் சிப். 64 என்ற எண்ணைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, 64-லும் இரண்டு சாதி.

அந்த மெஷின்கள் மட்டமானவை அல்ல. சூடாகாது, பேட்டரி நின்று விளையாடும். எக்ஸ்64-க்கு எழுதிய சாதாரண ப்ரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டும் ஏற்பாடும் விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. டிரைவருக்கு மட்டும் அந்த மொழிபெயர்ப்பு இல்லை, ஆர்ம்64-க்கு என்றே எழுதிய டிரைவர் வேண்டும். கைரேகைக் கருவியும் டிஎஸ்சி டோக்கனும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள், கருவி விற்றவரிடம் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதை வாங்க வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

லினக்ஸ் போட்டுக் கொடுத்தால்

லைசென்ஸ் தொல்லை வேண்டாம் என்று விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுத் தருகிற கடைகளும் உண்டு. டி480-க்கு லினக்ஸ் நன்றாகவே பொருந்தும். டெர்மினலில் 'யுநேம்', இடைவெளி, கழித்தல் குறி, 'எம்' அடித்தால் 'எக்ஸ்86_64' என்று வர வேண்டும். 'ஐ686' என்றால் 32. இந்தக் கமாண்ட் சொல்வது கர்னல் என்ற அடித்தளத்தைப் பற்றி மட்டும். மேலே இருக்கும் ப்ரோகிராம்கள் எந்த வகை என்பதற்கு 'டிபிகேஜி', இடைவெளி, இரண்டு கழித்தல் குறி, 'பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்'. அது 'ஏஎம்டி64' என்று சொன்னால் எல்லாம் சரி. டி480-ல் இந்த இரண்டும் முரண்படுவது அபூர்வம். ஸ்கூல் லேபில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் பார்க்கலாம், 64 பிட் கர்னலுக்கு மேலே 32 பிட் ப்ரோகிராம்கள் உட்கார்ந்திருக்கும். 'எல்எஸ்சிபியு' காட்டும் '32-பிட், 64-பிட்' என்ற வரியை இதற்கு விடையாக எடுக்காதீர்கள். சிப்புக்கு இரண்டும் தெரியும் என்பதைத்தான் அது சொல்கிறது, விண்டோஸில் காற்புள்ளிக்குப் பின்னால் வருமே, அந்த மாதிரி.

32 பிட் உபுண்டு டெஸ்க்டாப் 2017-லேயே நின்றுபோனது. யாராவது அதைப் போட்டுக் கொடுத்தால் சிடி அலமாரியில் பல வருஷமாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக பில். பெரும்பாலான பில்லில் 'திங்க்பேட் லேப்டாப், 1' என்று மட்டும் இருக்கும். அதன் கீழே பேனாவால் எழுதி வாங்குங்கள்: அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர், பிராசசர் நம்பர், ராம் எத்தனை ஜிபி, 'விண்டோஸ் 11 ப்ரோ, 64 பிட், யூஇஎஃப்ஐ, பயாஸ் பாஸ்வேர்டு இல்லை'. எழுதித் தரத் தயங்குகிற கடையில், எம்எஸ்இன்ஃபோ32 பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.